மாமா சொன்னதைப் பத்தால் வகுத்தல்

வில்லியனூர்
24 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் சோபனாவுக்கு,

உன் தாய்மாமனும், இந்த வில்லியனூர்க் கொம்யூன் முழுமைக்கும் ஒலியும் ஒளியும் வழங்கிவரும் டோமினிக் மைக் செட்டின் ஏக உரிமையாளனுமாகிய நான் எழுதுவது. கீழே வரப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். உன் அத்தை நம்பவில்லை. எனக்கு ஊசி குத்தும் நர்ஸம்மா நம்பவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கே நடுநடுவில் சந்தேகம் வருகிறது. ஆனாலும் அத்தனையும் சத்தியம்.

"போன்ல சிரிக்க வெச்சே கட் பண்ணிடுறீங்க மாமா. உடம்பு எப்படி இருக்குன்னு எழுத்துல குடுங்க" என்று ஓசூரிலிருந்து நீ ஆணை பிறப்பித்தாய். அரசாணைக்குக் கட்டுப்பட்டேன்.

கழுத்தில் ஒன்று, வயிற்றுக்குள் ஒன்று, நிணநீர்க் கட்டி. கேன்சர்தான், ஆனால் மருந்துக்கு அடங்குகிற ரகம் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வயிற்றில் இருப்பதன் அளவு உனக்குத் தெரியாது. பாகூர் ஏரி. கரையில் கொக்குகூட நிற்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்று இன்றோடு இரண்டு முடிந்துவிட்டன. முதல் மருந்து ஏறிய பிறகு ஒருநாள் என் தலைமுடி மொத்தமும் எழுந்து நின்று, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஒழுங்காக வரிசையில் இறங்கிப் போனது.

கீமோவோடு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. நானோ ஏற்கெனவே சர்க்கரைக்காரன். அந்த மாத்திரை உள்ளே போனதும் சர்க்கரை நாலாயிரத்து முன்னூறு! மெஷின் புகைவிட்டது. செய்தி கேட்ட செலியமேட்டு எறும்புகள் கிளம்பி, வழியில் மணப்பட்டு எறும்புகளைச் சேர்த்துக்கொண்டு, ரயில்வே கேட் மூடியிருந்ததால் மரியாதையாகக் காத்திருந்து, நம் வாசலுக்கு வந்து சேர்ந்தன. உன் அத்தை கட்டிலைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டு, "இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரைன்னு கேட்டீங்க, கோட்டை அழிச்சிடுவேன்" என்றாள்.

சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து என்பதில்லையாம், இறங்கினாலும் ஆபத்தாம். கை நடுங்கி வேர்த்தால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொன்னதை நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் தடவிக்கொண்டு கையை லேசாக ஆடவிட்டேன். பதறி ஓடிவந்தாள். தெய்வசிகாமணி மளிகைக் கடைத் தேன்மிட்டாய் ஐந்து! ஐந்தும் உள்ளே போன பிறகுதான் அவளுக்கு மெஷின் ஞாபகம் வந்தது. அதன்பின் நடந்த யுத்தத்தை எழுத இந்தத் தாள் போதாது.

மற்றபடி மன்னன் நலம்.

உன் மாமா,
டோமினிக்


ஓசூர்
2 மார்ச் 2025

மாமாவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை பேனாவோடு உட்கார்ந்து இதில் நிஜம் எது என்று தேடினேன்.

இங்கே கம்பெனியில் என் வேலை உங்களுக்குத் தெரியும். வால்வு சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. முடியளவு பிசகினாலும் சிவப்புப் பெட்டியில் போடுவேன். உங்கள் கடிதம் மொத்தமும் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும். கடைசியில் நம் வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நீங்கள் சொன்னதைப் பத்தால் வகுத்தேன். நாலாயிரத்து முன்னூறு என்றால் நானூற்று முப்பது. அத்தையிடம் போனில் கேட்டேன். நானூற்று இருபத்தெட்டாம். அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு இன்றுவரை பொய்த்ததில்லை.

ஆனால் தேன்மிட்டாய்க்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. கழுத்தில் கட்டி வந்தபோது மூன்று மாதம் "மைக்கை முழுங்கிட்டேன், அதான் வீங்கியிருக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நானும் போனில் "பாட்டு கேக்குதா மாமா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

இனி வேலைப் பேச்சு. கீமோ முடிந்து ஒரு வாரம் கழித்து வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சின்னக் கிருமியும் பெரிய வேலை காட்டும். வெளியே நறுக்கி விற்கிற பழம், கடைச் சட்னி, பந்தல் தண்ணீர் எதுவும் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். காய்ச்சல் நூறைத் தாண்டினால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாப்பாடு இறங்காத நாளில் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அத்தை சொன்னது: "நான் கவனிக்கிறேன்டி. ஆனா உன் மாமா சாப்பிட்டேன்னா சாப்பிடலை, சாப்பிடலைன்னா சாப்பிட்டாச்சு. நான் எதைக் கவனிக்கிறது?"

பதில் எழுதுங்கள். நம்புகிற மாதிரி.

சோபனா


வில்லியனூர்
13 மார்ச் 2025

சோபனாவுக்கு,

நலம். இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபத்திரண்டு. காலையில் இட்லி இரண்டு, முட்டை ஒன்று. வாய் கசக்கிறது. மூன்றாவது கீமோ வரும் திங்கள்கிழமை.

தவக்காலம் தொடங்கிவிட்டதால் மைக் செட்டுக்கு வேலை இல்லை. பெட்டிகளைத் துடைத்து அடுக்கினேன். ஒரு பெட்டியில் எலி கடித்திருந்தது. ஒரே ஒரு எலியாகத்தான் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் பாம்பு வந்தது. சாரை. மூன்று அடி இருக்கும். இரண்டே முக்கால் என்றும் சொல்லலாம். அதுவாகவே போய்விட்டது.

வேறு விசேஷம் இல்லை.

டோமினிக்


ஓசூர்
19 மார்ச் 2025

மாமாவுக்கு,

இது என்ன புது வித்தை?

மூன்று அடிப் பாம்பைப் பத்தால் வகுத்தேன். மண்புழு வந்தது. தோட்டத்தில் மண்புழு பார்த்ததற்குக் கடிதமா என்று கார்த்திகாவிடம் கேட்டேன். (கார்த்திகா என் அறைத் தோழி, உங்கள் ரசிகை. ஒவ்வொரு கடிதத்தையும் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வாள்.) "உங்க மாமா இப்ப சின்னச் சின்னதா புளுகுறார்டி, இது அட்வான்ஸ் கோர்ஸ்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒற்றை எலியை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

சர்க்கரையை மட்டும் வகுக்கவில்லை. நூற்று அறுபத்திரண்டை வகுத்தால் பதினாறு. அந்த அளவில் யாரும் உட்கார்ந்து கடிதம் எழுத முடியாது.

மூன்றாவது கீமோ நல்லபடியாக ஏறியது என்று அத்தை சொன்னார்கள். சந்தோஷம். ஸ்டீராய்டு போடுகிற ஐந்து நாளும் சர்க்கரை எகிறும், பயப்பட வேண்டாம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அதற்குத்தான். அடுத்த வாரம்தான் எனக்குக் கவலை. வெள்ளை அணு குறைகிற வாரம். மோர்ப் பந்தல் காலம் வேறு. தாகத்தோடு கடைத்தெருவில் சுற்றாதீர்கள்.

அடுத்த கடிதத்தில் பழைய மாமா வரட்டும். இவரை எனக்குப் பழக்கமில்லை.

சோபனா


வில்லியனூர்
27 மார்ச் 2025

சோபனாவுக்கு,

நேற்று மத்தியானத்திலிருந்து வயிறு போகிறது. ராத்திரிக்குள் ஏழு தடவை. இன்று காலையிலிருந்து நாலு தடவை. தண்ணீராகப் போகிறது. உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டரை வைக்கச் சொன்னேன், அதை முன்பே கீழே போட்டு உடைத்தது நான்தான் என்பதால் உன் அத்தைக்குக் கோபம்.

அவளிடம் ஏழு தடவை என்று சொன்னேன். "ஏழா? அப்ப ஒண்ணுகூட முழுசா இல்லையே" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

ராத்திரி சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்று சொன்னேன். "கிண்ணம் காலியா இருக்குது, சாப்பிடலையாம்" என்றாள். கஞ்சியைக் கொல்லையில் கொட்டிவிட்டேன் என்றேன். நம்பவில்லை. சர்க்கரை மாத்திரையைக் கையில் கொடுத்து நான் விழுங்குகிறவரை பக்கத்திலேயே நின்றாள். இன்று காலையிலும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் ஒரு பந்தலில் மோர் குடித்தேன். ஒரு டம்ளர். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வெயில் அதிகம்.

போன் செய்யத்தான் கையில் எடுத்தேன். என் குரலைக் கேட்டதுமே நீ சிரிக்கத் தொடங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தெய்வசிகாமணி தபாலாபீசுக்குப் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இதை நீயாவது அப்படியே படி.

டோமினிக்


ஓசூர்
8 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்க முடியாததையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் எனக்குச் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. ஏழும் நாலும் பதினொன்று, பத்தால் வகுத்தால் ஒன்று. "ஒரு தடவை வயித்தால போனதுக்கு ஸ்பீடு போஸ்ட்டா" என்று கார்த்திகா கேட்டாள். சிரித்தோம். கடைசி வரியைக்கூடச் சத்தமாகப் படித்துத்தான் சிரித்தோம். தாளை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு, துணி எடுக்கக் கடைக்குப் போய்விட்டேன். கடையில் நிற்கும்போதுதான் அத்தை போன் செய்தார்கள்.

அன்றைக்கு நடந்ததை அத்தை என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் அழுகை. நீங்கள் கட்டிலில் கிடந்தபடி "கை நடுங்குது அன்னாமேரி, சக்கரை இறங்குது" என்றீர்களாம். அத்தை மிளகாய் காயவைத்துக்கொண்டே "போன தபா தேன்மிட்டாய், இந்த தபா இன்னா, லட்டா?" என்று கேட்டார்களாம். நீங்கள் மறுபடியும் அதையே, அதே மாதிரி, மெதுவாகச் சொன்னீர்களாம். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தையை ஓடிவரச் செய்தது எது தெரியுமா? நீங்கள் சொன்ன எதுவும் இல்லை. "சத்தமே இல்லடி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ஆளு வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. மிளகாயைக் கீழே போட்டுட்டு ஓடினேன்." மெஷினில் நாற்பத்தாறு. நல்லவேளை, விழுங்குகிற நினைவு உங்களுக்கு இருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தெய்வசிகாமணி அண்ணனின் லோடு வண்டியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் என்னிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லியாக வேண்டும். வெள்ளை அணு மிகக் குறைந்த நேரத்தில் குடலில் கிருமி பிடித்துவிட்டது. மோரா வேறெதுவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வயிறு போய், சாப்பாடும் இல்லாமல், மாத்திரை மட்டும் உள்ளே போனதில் சர்க்கரை விழுந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார். நேற்று ஏறவேண்டிய நாலாவது கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார். பிறகு கேட்டார்: "உடம்புக்கு என்னன்னு அவர் சொல்றதை வீட்ல யாராவது நம்பறீங்களா? நம்பற ஆள் ஒருத்தராவது இல்லாம அடுத்த மருந்தை நான் எப்படிம்மா ஏத்தறது?"

அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

நான் அங்கே இருந்த நாளெல்லாம் உள்ளதை உள்ளபடி மட்டுமே பேசினீர்கள். வலி எவ்வளவு என்றால் அவ்வளவு. நர்ஸ் உங்களை நல்ல பேஷண்ட் என்று பாராட்டினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தவக்காலம் தொடங்கியதிலிருந்தே கடிதங்களும் அப்படித்தான். ஏன் மாமா? கேட்டபோது "ஈஸ்டருக்கு அப்புறம் சொல்றேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தீர்கள். ஈஸ்டருக்கும் உங்கள் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

சோபனா


வில்லியனூர்
21 ஏப்ரல் 2025
ஈஸ்டர் திங்கள்

அன்பு மருமகளே,

அல்லேலூயா! ஆண்டவர் உயிர்த்தார். அவர் கல்லறையைத் திறந்த அதே நிமிஷத்தில் என் வாய்ப்பூட்டும் கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் பாகூர் வரைக்கும் கேட்டது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து, இந்தத் தவக்காலத்துக்கு எதை விடலாம் என்று யோசித்தேன். உன் அத்தை வருஷா வருஷம் மீனை விடுவாள். தெய்வசிகாமணி மலைக்கு மாலை போட்டால் செருப்பை விடுகிறான். நான் எதை விடுவது? இனிப்பை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். கறியும் முட்டையும் விட்டால் உடம்பு மருந்தைத் தாங்காது என்று அவரே மிரட்டியிருக்கிறார். ஒரு வேளை பட்டினி கிடக்கலாம் என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன். "நோயாளிக்கு ஏது ஒருசந்தி? நீ நல்லா சாப்புட்டுட்டு ஜெபம் பண்ணு டோமினிக்" என்றார். பீடியை எப்போதோ விட்டாயிற்று. பாட்டுப் போட்டுக் கேட்கலாமென்றால் மைக் செட்டே மூடிக்கிடக்கிறது. வீடு முழுக்கத் தேடினேன் மருமகளே. ஆண்டவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பொருள் மிச்சமில்லை. புளுகு ஒன்றுதான் இருந்தது.

அதைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே சொல்லிக்கொண்டு செய்கிற ஒறுத்தலுக்குப் பலன் இல்லை என்று பிரசங்கத்தில் கேட்டதால் உன் அத்தையிடம்கூட மூச்சுவிடவில்லை. அந்தச் சாரைப்பாம்பு நிஜமாகவே மூன்று அடிதான். அதை மூன்று அடி என்று எழுதிவிட்டு நான் பட்ட வேதனையைக் கீமோகூட எனக்குத் தந்ததில்லை. எலி விஷயத்தில் அழுதே விட்டேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். "சக்கரை இறங்குது" என்று சொன்னேன், அன்னாமேரி சிரித்தாள். அவள்மேல் குற்றமே இல்லை, நான் பழக்கிவைத்த சிரிப்பு அது. கண் இருட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. "நான் செத்துட்டேன்டி அன்னாமேரி!" என்று ஒரு கத்தல் போட்டால், அடிக்கவாவது எழுந்து வருவாள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது பொய்யாயிற்றே. நோன்பு. விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

இவ்வளவு நாள் பெரிதுபெரிதாகச் சொன்னேனே, ஏன் என்று இந்த நாற்பது நாளில்தான் எனக்கே விளங்கியது. ஏரி அளவு கட்டி என்று சொன்னால் நீ சிரிக்கிறாய். நானும் சிரித்துக்கொண்டு தூங்கப்போகிறேன். இருக்கிற அளவைச் சொன்னால் அது அப்படியே இருக்கிறது, கட்டிலில் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

புதன்கிழமை நாலாவது கீமோ. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். "உங்களை நம்பற ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஈஸ்டர் விருந்தில் நான் எண்பது தோசை தின்றேன்.

உன் மாமா,
டோமினிக்


ஓசூர்
27 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

எட்டுத் தோசை. சரிதான். அத்தையிடம் கேட்டுவிட்டேன்.

ஆண்டவருக்கு வேறு எதையும் கொடுத்திருக்கக் கூடாதா நீங்கள்? உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இதைப் படித்ததிலிருந்து கார்த்திகா, ஒருவர் சாமிக்காக நிஜம் பேசி ஆஸ்பத்திரியில் படுத்தார் என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை.

டாக்டர் கேட்ட ஆள் நான்தான். அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும்.

புளுகை விடச் சொல்ல மாட்டேன். நீங்கள் வாயை மூடினால் அத்தைக்குக் கை கால் ஓடவில்லை, எனக்கும் அப்படித்தான். அளவில்லாமல் புளுகுங்கள். நம் வீட்டில் எல்லோரும் கடிதத்துக்கு மேலே சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். நீங்கள் மட்டும் போட்டதே இல்லை. புளுகு எழுதும் தாளில் சிலுவை போட உங்களுக்கே பயம் என்று அம்மா சொல்வார்கள். அதனால்தான் கேட்கிறேன். நிஜம் எழுதுகிற வரிக்கு முன்னால் மட்டும் ஒரு சிலுவை போடுங்கள். அந்த வரியை நான் வகுக்க மாட்டேன். அத்தையிடம் வாயால் சொல்லும்போது, முதலில் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுச் சொல்லுங்கள். காய்ச்சல், வயிறு, சர்க்கரை, சாப்பாடு, எதுவானாலும் சரி. சிலுவை வரைந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவதாக அத்தை சத்தியம் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் இனி அத்தை உங்களைக் கேட்க மாட்டார்கள், மெஷினைக் கேட்பார்கள். புதுத் தெர்மாமீட்டர் அனுப்பியிருக்கிறேன். இதையும் உடைத்தால் மூன்றாவது அனுப்புவேன்.

சம்மதமென்றால் பதில் எழுதுங்கள்.

சோபனா


வில்லியனூர்
18 மே 2025

அன்பு மருமகள் சோபனாவுக்கு,

சம்மதம், சம்மதம், சம்மதம். சிலுவை ஒப்பந்தத்தை ஊர் அறிய மைக்கில் அறிவித்துவிட்டேன். இனி வரப்போகும் கதையையும் நீ நம்ப மாட்டாய். உலக வரலாற்றில் இதற்குமுன் நடந்ததில்லை. மறுபடி நடக்கப்போவதுமில்லை.

முதலில் உன் அத்தையின் ஆட்சி. சாப்பிடும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை, நடுவில் சந்தேகத்துக்கு ஒருமுறை எனக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். உள்ளங்கை ரேகைகள் அழிந்துபோய்விட்டன. பாங்கில் விரல் வைத்தால் மெஷின் "யாருப்பா நீ" என்கிறது. தண்ணீரை எரிமலை வாயில் வைத்துக் காய்ச்சுகிறாள். போன வாரம் கடைத்தெருவில் ஒரு மோர்ப் பந்தல்காரன் என்னைப் பார்த்து "வா அண்ணே, ஒரு டம்ளர்" என்றதுதான் தாமதம், இவள் பார்த்த பார்வையில் பந்தலே எழுந்து புதுச்சேரிப் பக்கம் நடந்து போய்விட்டது.

ஸ்டீராய்டு ஐந்து நாளும் சர்க்கரை ஆறாயிரம். எறும்புகள் மறுபடி கிளம்பி, பழைய சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பின.

ஒப்பந்தத்தை ஒருமுறை மீறினேன், அதையும் நீயே கேட்டுக்கொள். சென்ற செவ்வாய் மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, நெற்றியிலிருந்து மார்புவரை பெரிய சிலுவை வரைந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். கையில் மெஷின், தெர்மாமீட்டர், தெய்வசிகாமணி வண்டியின் சாவிகூட.

"இன்னாங்க பண்ணுது? சொல்லுங்க, இன்னா?"

"ரசத்துல உப்பு இல்ல."

அவள் என்னை அடித்த அடியில் நான் வில்லியனூர் ஸ்டேஷன் வரைக்கும் உருண்டு, விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி, சின்னபாபு சமுத்திரத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். வந்ததும் இன்னொரு அடி. "சாமி அடையாளத்துல வெளையாடினீங்க, அப்புறம் நெசமாவே செத்தாலும் எழுந்து வரமாட்டேன்!" இனி விளையாட மாட்டேன். ரசத்தில் உப்பு இல்லாதது மட்டும் நிஜம்.

இப்போது பெரிய கதை. வெள்ளிக்கிழமை ஸ்கேன். அந்த மெஷின் தேரைவிடப் பெரியது. தலைமாட்டில் ஆறு பேர், கால்மாட்டில் ஆறு பேர் வடம் பிடித்து என்னை அதற்குள் இழுத்துவிட்டார்கள். உள்ளே போனதும் மெஷின் கேட்டது: "பெயர்?" "டோமினிக், மைக் செட்டு." "மூச்சைப் பிடி." பிடித்தேன். வெளியே எல்லோரும் சாப்பிட்டு, பீச்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள், நான் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் விட்டேன் பார், பெருமூச்சு! மணப்பட்டில் கட்டுமரங்கள் எல்லாம் ஒரே தள்ளில் கரைக்கு வந்துவிட்டன.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாகூர் ஏரி இருந்த இடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கொக்கு வெறும் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, இனி இங்கே பிழைக்க முடியாது என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் மேஜைமேல் ஏறி ஆடினார். நர்ஸம்மா குலவை போட்டார். உன் அத்தை மட்டும் முந்தானையால் என் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தலையில் முடி இல்லாததால் துடைக்கச் சுலபம்.

ஸ்கேனுக்காகத் தள்ளிவைத்த அடுத்த கீமோ நாளை. ஆறு முடியும்வரை விடமாட்டார்களாம். ஏரி முழுக்க வற்றுமா என்று கேட்டேன். அடுத்த ஸ்கேனில் பார்ப்போம் என்றார்.

கார்த்திகாவுக்கு என் ஆசீர்வாதம். சத்தமாகப் படிக்கும்போது ரயில் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படி.

உன் மாமா,
டோமினிக்

பி.கு. ரசத்தைத் தவிர, மேலே எழுதியதில் ஒரே ஒரு சின்ன இடம்தான் நிஜம். அதைத் தனியாக எடுத்து இங்கே எழுதுகிறேன்.

† வயிற்றுக் கட்டி பாதியாகிவிட்டது.

மருந்தே அதை இரண்டால் வகுத்தாயிற்று. நீ மறுபடியும் வகுக்காதே.